‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ சீசன் 2: பெங்களூருத் தமிழ் நண்பர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

அல்சூரில் எங்கள் வீட்டு ஹாலில் ஞாயிறு மாலைகளில் உறவினர்களும் அலுவலக நண்பர்களுமாகச் சேர்ந்துதான் இந்த சீசனைப் பார்த்தோம். வராதவர்கள் பிறகு போனில் கேட்டார்கள், வந்தவர்கள் இன்னும் அதிகம் கேட்டார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயம் நிறைய இருக்கும். முதல் சில பதில்களில் சீசன் 2-இன் கதை இருக்காது. அதைச் சொல்லத் தொடங்கும் இடத்தில் முன்கூட்டியே எச்சரிக்கிறேன்.

இது எந்த சீரிஸ்? எப்போது வந்தது?

முழுப்பெயர் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: தி ரிங்ஸ் ஆஃப் பவர்’. ஜே.ஆர்.ஆர். டோல்கீன் படைத்த உலகத்தில், நாம் தியேட்டரில் பார்த்த மூன்று படங்களின் கதைக்குச் சில ஆயிரம் ஆண்டுகள் முன்னால் நடப்பது. அந்த மந்திர மோதிரங்களை யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள், சவுரான் என்ற தீயவன் அந்தப் பட்டறைக்குள் எப்படி நுழைந்தான் என்பதே கதை. பிரைம் வீடியோவில் சீசன் 1 2022 செப்டம்பரில் வந்தது. சீசன் 2 2024 ஆகஸ்ட் 29 அன்று மூன்று எபிசோடுகளோடு தொடங்கி, அதன்பின் வியாழன்தோறும் ஒன்றாக அக்டோபர் 3-இல் முடிந்தது. மொத்தம் எட்டு.

இப்போது பார்த்தால் நடுவில் விளம்பரம் வருமா?

வரும். 2025 ஜூன் 17 முதல் பிரைம் வீடியோ இந்தியாவில் விளம்பரங்களைக் காட்டுகிறது. வேண்டாம் என்றால் மாதம் 129 ரூபாய் அல்லது வருடம் 699 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். இந்த சீசனில் மௌனமே பேசுகிற காட்சிகள் பல இருக்கின்றன. ஒரு மாதத்துக்கு மட்டுமாவது அந்தக் கூடுதல் பணத்தைக் கட்டி எட்டையும் பார்த்துவிடுங்கள் என்பேன்.

சீசன் 1 பார்க்காமல் நேராக இரண்டுக்குப் போகலாமா?

வேண்டாம். முதல் சீசன் மெதுவாக நகரும், அது உண்மை. ஆனால் இரண்டாவதில் வரும் துரோகத்தின் கனம் முதலாவதில்தான் சேர்கிறது. நேரமே இல்லாதவர்கள் முதல், ஆறாவது, எட்டாவது எபிசோடுகளையாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

அதுவும் முடியாதவர்களுக்குச் சுருக்கம் இது. நெடுங்காலம் வாழும் எல்ஃப் இனத்துப் போர்வீராங்கனை கலாட்ரியல், மற்றவர்கள் எல்லாம் மறந்துவிட்ட சவுரானைத் தேடி அலைகிறாள். நடுக்கடலில் ஹால்பிராண்ட் என்ற மனிதனைச் சந்திக்கிறாள். அவனைத் தெற்கு நாட்டின் தொலைந்துபோன அரசன் என்று நம்பித் தூக்கி நிறுத்துகிறாள். அந்தத் தெற்கு நாடு எரிமலை வெடித்து, படங்களில் சவுரானின் இருண்ட நாடாக நாம் பார்த்த மோர்டோர் ஆகிறது. காயம்பட்ட ஹால்பிராண்ட் எரிஜியன் நகரத்துக்கு வந்து, அங்கே மகா கொல்லனான செலிப்ரிம்போருக்கு உலோகக் கலவை பற்றி ஒரு யோசனை சொல்கிறான். எல்ஃப்களுக்கான மூன்று மோதிரங்கள் அதிலிருந்து பிறக்கின்றன. அதற்குள் கலாட்ரியலுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது: அவள் கைப்பிடித்து அழைத்து வந்தவன்தான் சவுரான்.

தமிழில் பார்ப்பதா, ஆங்கிலத்தில் பார்ப்பதா?

இந்தக் கேள்வி பெங்களூரில் கொஞ்சம் வேறு மாதிரி. இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் நிறையப் பேர் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்தவர்கள். வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுவார்கள், ஆனால் தமிழ் எழுத்தைப் படிக்கத் திணறுவார்கள். சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பெரியவர்களில் பலருக்கு இந்த மாதிரி சீரிஸின் ஆங்கிலம் காதில் நிற்காது. இரண்டு தரப்பையும் ஒரே சோபாவில் உட்கார வைப்பது தமிழ் ஒலித்தடம்தான். சப்டைட்டிலால் அது ஆகாது. தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தியும் இருப்பதால் பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பம் அதே எபிசோடைத் தங்கள் மொழியில் பார்த்துவிட்டு மறுநாள் மாடியில் நம்மோடு பேசலாம்.

என் யோசனை: முதல் தடவை குடும்பத்தோடு தமிழில் பாருங்கள். சுரங்கத்தில் வாழும் குள்ளர்களான ட்வார்ஃப் இனத்து இளவரசன் டூரினும் அவன் மனைவி டீசாவும் பேசிக்கொள்வது தமிழில் நம் வீட்டுப் பேச்சாகவே ஒலிக்கிறது. பிறகு ஐந்து முதல் எட்டு வரையிலான எபிசோடுகளை ஆங்கிலத்தில் தனியாகப் பாருங்கள். சவுரானாக நடிக்கும் சார்லி விக்கர்ஸ், செலிப்ரிம்போராக நடிக்கும் சார்லஸ் எட்வர்ட்ஸ் இருவரும் மூச்சை நிறுத்தி நிறுத்திப் பேசுகிற விதத்தை எந்த டப்பிங்கும் முழுசாகக் கொண்டுவர முடியாது.

புத்தகம் படித்திருக்க வேண்டுமா?

தேவையில்லை. எங்கள் கூட்டத்தில் படித்தவர்களைவிடப் படிக்காதவர்கள்தான் அதிகம் ரசித்தார்கள். படித்தவர்களின் மனத்தாங்கலைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

சின்னப் பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் நான் காட்ட மாட்டேன். ஆபாசம் கிடையாது. ஆனால் சீசனின் முதல் காட்சியே கூட்டமாகக் கத்தியால் குத்திக் கொல்வது. கடைசி இரண்டு எபிசோடுகளில் சித்திரவதை வருகிறது. பெரிய சிலந்திகளும் உண்டு.

(இதற்குக் கீழே கதை முழுவதும் வெளிப்படும். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.)

சரி, மொத்தத்தில் எப்படி இருக்கிறது?

எரிஜியன் பட்டறையில் நடக்கும் பகுதி, சமீப வருடங்களில் நான் பார்த்த கற்பனைக் கதைகளில் மிகச் சிறந்தது. ட்வார்ஃப்கள் வாழும் கசாட்-தூம் சுரங்கப் பகுதி அதற்கு அடுத்தது. மற்ற இடங்களில் கதை சிதறிக் கிடக்கிறது. எட்டு எபிசோடுக்குள் ஆறேழு ஊர்களுக்கு ஓடுகிறார்கள், ஒவ்வொரு ஓட்டத்திலும் பட்டறையின் சூடு கொஞ்சம் ஆறுகிறது. ஆனாலும் பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். நல்ல வேலைக்காரன் ஒருவன் தன் வேலையின் மீதுள்ள ஆசையாலேயே எப்படி வீழ்த்தப்படுகிறான் என்பதை இவ்வளவு பொறுமையாகத் திரையில் காட்டியவர்கள் குறைவு.

செலிப்ரிம்போர் அவ்வளவு பெரிய மேதை. அவன் எப்படி இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறான்? நம்பும்படி இல்லையே?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். எலக்ட்ரானிக் சிட்டியில் என்னோடு வேலை செய்யும் சேலத்து நண்பர் ஒருவர் இதை வைத்தே சீசனைப் பாதியில் விட்டுவிட்டார். நான் முற்றிலும் மாறுபடுகிறேன். அவன் சுலபமாக ஏமாறவே இல்லை. ஏமாற்றுகிற வேலையின் ஒவ்வொரு படியையும் நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.

முதல் படி, வாசலில் காத்திருப்பது. சவுரான் திரும்ப எரிஜியனுக்கு வரும்போது ஹால்பிராண்ட் உருவத்திலேயே வருகிறான். கதவு திறக்கவில்லை. அவன் சண்டை போடுவதில்லை, போய்விடுவதுமில்லை. அழைத்து உள்ளே விட்டது செலிப்ரிம்போர்தான் என்று ஆகும்வரை உட்கார்ந்திருக்கிறான்.

இரண்டாவது, தனிமைப்படுத்துவது. மூன்று மோதிரங்கள் வேலை செய்த சேதி எரிஜியனுக்கு வந்து சேரவில்லை. தன் படைப்பு பலித்ததா இல்லையா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவனிடம் அந்த நல்ல சேதியை முதலில் சொல்வது சவுரான். எல்ஃப் அரசன் கில்-கலாட் உன்னை மதித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாரா என்ற எண்ணம் தானாகவே முளைக்கிறது.

மூன்றாவது, புகழ். செலிப்ரிம்போரின் தாத்தா ஃபியனோர், எல்ஃப் இனத்தின் ஆகப்பெரிய கைவினைஞன். அந்தப் பெயரின் நிழலிலேயே வாழ்ந்து முதுமை அடைந்தவனிடம், தெய்வங்கள் அனுப்பிய தூதனாக, நெருப்புக்கு நடுவில் அன்னாட்டார் என்ற உருவத்தில் நின்று, உன் பெயர்தான் நிலைக்கப்போகிறது என்கிறான் சவுரான். அந்த இடத்தில் எட்வர்ட்ஸின் கண்ணைப் பாருங்கள். வயதான மனிதனின் முகத்தில் சின்னப் பையனின் சந்தோஷம்.

நான்காவது படிதான் இந்த சீசனின் உயிர். ட்வார்ஃப்களுக்குச் செய்த ஏழு மோதிரங்களில் கோளாறு தெரிகிறது. இளவரசன் டூரினின் அப்பா, அதே பெயர் கொண்ட மன்னன் டூரினின் நடத்தை மாறுகிறது. அன்னாட்டார் அதற்குச் சொல்லும் காரணம் என்ன? பட்டறையை மூடிவிட்டதாக நீ அரசனுக்குப் பொய்க் கடிதம் எழுதினாய், அந்தப் பொய்தான் மோதிரத்துக்குள் போய்விட்டது என்கிறான். குற்றம் முழுவதும் செய்தவன் தலையில் இறங்குகிறது. பரிகாரம் என்ற பெயரில் மனிதர்களுக்கான ஒன்பது மோதிரங்களைச் செய்ய வைக்கிறான். பேராசையால் அல்ல, குற்ற உணர்ச்சியால்தான் செலிப்ரிம்போர் அந்த ஒன்பதுக்கு உட்காருகிறான். இது புரியாமல் பார்த்தால் அவன் முட்டாளாகத்தான் தெரிவான்.

கடைசிப் படி பயங்கரம். நகரம் ஓர்க்கு என்ற கோர உயிரினங்களின் படையால் எரிந்துகொண்டிருக்கிறது. பட்டறைக்குள் இருப்பவனுக்கோ வெளியே அமைதியான காலைப்பொழுது தெரிகிறது, ஏனென்றால் அவன் பார்ப்பது சவுரான் விரித்த மாயை. அதை அவன் எப்படிக் கண்டுபிடிக்கிறான் என்பதில் திரைக்கதை எழுதியவர்களை வணங்கத் தோன்றுகிறது. ஒரு எலி ஒரே வழியில் திரும்பத் திரும்ப ஓடுகிறது. எரியும் மெழுகுவர்த்தி குறையவே இல்லை. வாழ்நாள் முழுக்கத் தீயையும் உருகுவதையும் கவனித்த கண்ணுக்கு மட்டுமே அது படும். எந்தக் கைத்தொழிலை வைத்து அவனைச் சிக்க வைத்தார்களோ அதே தொழில்தான் அவன் கண்ணைத் திறக்கிறது. விலங்கிலிருந்து விடுபடத் தன் கட்டை விரலையே வெட்டிக்கொள்கிறான். ஒரு கொல்லனுக்குக் கட்டை விரல் என்றால் என்ன என்று ஏகலைவன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பட்டறைக் காட்சிகள் உண்மையான நகைவேலைக்குக் கிட்ட வருகின்றனவா?

நகரத்பேட்டையில் நகை வேலை செய்யும் என் சித்தப்பா எங்களோடு பார்த்தார். உலையின் அளவும் வெளிச்சமும் படத்துக்கானவை என்றார், மோதிரத்துக்கு அவ்வளவு பெரிய உலை எதற்கு என்று கேட்டார். ஆனால் கலவை விகிதத்தில் திணறும் காட்சிகள் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தன. ஒன்பது மோதிரங்களுக்கு மித்ரில் என்ற உலோகம் போதாமல், சேர்மானம் ஒட்டாமல், மூசையில் ஊற்றி ஊற்றித் தோற்கிறார்கள். உருக்கியது சொன்னபடி கேட்காத நாளில் பத்தர் முகம் இப்படித்தான் இருக்கும், பக்கத்தில் யார் நல்லது சொன்னாலும் எரிச்சல் வரும் என்றார் சித்தப்பா. அந்தக் குறையை நிரப்ப சவுரான் தன் ரத்தத்தையே மித்ரிலாகக் காட்டிக் கலக்கிறான் என்று தெரிந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: உரைத்துப் பார்க்க அங்கே யாருமே இல்லையா? என் கேள்வியும் அதுதான். உரைத்துப் பார்க்கச் சொல்லக்கூடிய அவன் எல்ஃப் நண்பன் எல்ரோண்ட், கலாட்ரியல், டூரின் எல்லோரும் அதற்குள் அவனிடமிருந்து பிரிக்கப்பட்டுவிட்டார்கள்.

சவுரான் மேல் பரிதாபம் வர வைக்கிறார்களே, அது சரியா?

பரிதாபம் வர வைக்கவில்லை, அவனை நெருங்கிப் பார்க்க வைக்கிறார்கள். சீசனின் முதல் காட்சியில் அவனை ஓர்க்குகளே குத்திக் கொல்கிறார்கள். கறுப்பு ரத்தமாகக் கசிந்து, பாறை இடுக்கில் கிடந்து, பூச்சி எலிகளைத் தின்று, கடைசியில் ஒரு வழிப்போக்கரை விழுங்கி மனித உருவம் எடுக்கிறான். அப்புறம் ஒரு முதியவர் அவனுக்கு நல்வழி சொல்கிறார். திருந்த ஒரு வாசல் திறந்துதான் இருந்தது என்பதைக் காட்டிவிட்டு, அவன் அதைத் தாண்டிப் போவதையும் காட்டுகிறார்கள்.

எட்டாவது எபிசோடில் செலிப்ரிம்போரை அம்புகளால் துளைத்துச் சித்திரவதை செய்கிறான். சாகும்போது செலிப்ரிம்போர் சவுரானை ‘மோதிரங்களின் தலைவன்’ என்று அழைத்து, அந்த மோதிரங்களே உன்னை அழிக்கும் என்கிறான். சவுரான் கண்ணில் நீர் வருகிறது. என் பெரியம்மா அந்த இடத்தில் டிவியைப் பார்த்துத் திட்டினார். அழுகிறவன்தான் கொன்றவன் என்பது அவருக்குச் சரியாகப் பட்டுவிட்டது. தான் நல்லது செய்வதாகவே நம்பிக்கொண்டிருக்கும் தீயவன்தான் பயத்துக்குரியவன். விக்கர்ஸ் குரலை உயர்த்தாமலே இதைக் கொண்டுவருகிறார்.

ஓர்க்குகளுக்குக் குடும்பம், குழந்தை எல்லாம் காட்டியது தேவையா?

தேவை. இதை எதிர்த்தவர்கள் நிறையப் பேர். ஒரு ஓர்க் தன் துணையோடும் கைக்குழந்தையோடும் நிற்கும் காட்சி சில நொடிகள்தான். ஆனால் அடார் என்ற பாத்திரத்துக்கு அது இல்லாமல் முடியாது. அடார் ஓர்க்குகளைத் தன் பிள்ளைகள் என்கிறான். சவுரானிடமிருந்து அவர்களைக் காப்பாற்றுவதற்காக எரிஜியனைத் தாக்குகிறான், அந்தத் தாக்குதலிலேயே அவர்களைக் கூட்டம் கூட்டமாகச் சாகக் கொடுக்கிறான். அந்தப் பிள்ளைகள் மனம் வெறுத்து, சவுரான் தூண்டிவிட, சூழ்ந்து நின்று அவனைக் குத்துகிறார்கள். முதல் எபிசோடில் சவுரான் செத்த விதமும் இதுதான். குடும்பம் என்பதைக் காட்டாமல் இருந்தால் இந்த முடிவு வெறும் சண்டைக் காட்சியாகப் போயிருக்கும்.

சீசன் 1-இல் அடாராக நடித்தவர் ஜோசப் மால், இதில் சாம் ஹேசல்டைன். ஆள் மாறியது ஒரு எபிசோடில் பழகிவிடும்.

டூரின் கதை எப்படி?

அற்புதம். அப்பா மகன் சண்டையை இவ்வளவு நேர்மையாக எழுதியிருப்பது மகிழ்ச்சி. பூமி அதிர்ந்ததில் கசாட்-தூமுக்குள் வெளிச்சம் கொண்டுவரும் துவாரங்கள் மூடிப்போகின்றன. பயிர் இல்லை, பட்டினி பயம். மன்னர் மோதிரம் அணிந்ததும் எங்கே உடைத்தால் வெளிச்சம் வரும் என்று தெரிகிறது. மோதிரம் முதலில் உண்மையாகவே நன்மை செய்கிறது, அதனால்தான் அதைக் கழற்றச் சொல்வது மகனுக்குக் கடினமாகிறது. பிறகு வரி, பதுக்கல், இன்னும் தோண்டு என்ற வெறி. பீட்டர் முல்லன் அந்த மாற்றத்தைப் பார்வையிலேயே காட்டுகிறார். பால்ராக் என்ற நெருப்பு அரக்கன் கிளம்பும்போது மோதிரத்தைக் கழற்றிவிட்டு, மகனைப் பார்த்துவிட்டு, கோடரியோடு அதன் மேல் பாய்கிறார். எங்கள் ஹாலில் அன்று அப்பாக்கள் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சோஃபியா நோம்வெட்டே நடித்த டீசாவுக்கு இன்னும் நிறையக் காட்சிகள் கொடுத்திருக்கலாம். புருஷனுக்கும் மாமனாருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் உண்மையைப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

எரிஜியன் முற்றுகைப் போர்?

ஏழாவது எபிசோடு. பார்க்கப் பிரமாண்டம், மண்ணும் ரத்தமும் தெரிகிறது. ஆற்றைத் திருப்பி அடைத்து அதன் படுகை வழியாக வருவது நல்ல யோசனை. எல்ரோண்டின் குதிரைப்படை பாய்ந்து வந்து, எதிரே கலாட்ரியலைக் கூண்டில் காட்டியதும் சட்டென நிற்கும் இடம் எனக்குப் பிடித்தது.

ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. அரோண்டிர் என்ற எல்ஃப் வீரனை அடார் வாளால் குத்துகிறான், அவன் விழுகிறான். அடுத்த எபிசோடில் சாதாரணமாக நடமாடுகிறான், விளக்கம் எதுவும் இல்லை. உயிர் போகும் ஆபத்தை நம்ப வேண்டிய சீரிஸில் இது கவனக்குறைவு.

எல்ரோண்ட் கலாட்ரியலை முத்தமிட்டது என்ன கணக்கு? அவர் பின்னாளில் அவளுக்கு மாப்பிள்ளை அல்லவா?

ஆமாம், டோல்கீன் கதையில் கலாட்ரியலின் மகளைத்தான் எல்ரோண்ட் மணக்கிறார். சீரிஸில் அந்த முத்தம், விலங்கைத் திறக்க ஒரு ஊசியை அவள் கைக்கு மாற்றும் மறைப்பு. காரணம் புரிகிறது. ஆனாலும் வேறு வழி கிடைத்திருக்காதா என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதை மன்னிக்கவே இல்லை.

டாம் பாம்படில், மந்திரக் கிழவர், காண்டால்ஃப்?

இந்தப் பகுதிதான் எனக்கு ஒட்டவில்லை. டாம் பாம்படில் என்ற காட்டுவாசி முதியவராக ரோரி கின்னியர் அன்பாக நடித்திருக்கிறார், பாலைவன ஓரத்துக் குடிசை அழகு. ஆனால் வானிலிருந்து விழுந்த அந்நியர், படங்களில் பார்த்த மந்திரவாதி காண்டால்ஃப்தான் என்பதை முதல் சீசனிலேயே பாதிப் பேர் ஊகித்துவிட்டார்கள். அதைச் சொல்ல இன்னும் எட்டு எபிசோடு எடுத்துக்கொண்டது, பட்டறைக்குப் போக வேண்டிய நிமிடங்களை எடுத்துக்கொண்டதுதான். அவரோடு பயணம் வரும் குட்டை உருவத் தோழிகள் நோரி, பாப்பி இருவரின் நட்பு மட்டும் மனதில் நிற்கிறது.

நூமெனோர் தீவுக் கதை ஏன் இவ்வளவு அவசரம்?

அரசி மிரியலின் முடிசூட்டு விழாவில் கழுகு வந்து இறங்குகிறது, அதைத் தனக்கான சகுனமாக அவளுடைய உறவினன் ஃபாரசோன் மாற்றிக்கொள்கிறான், ஆட்சி கை மாறுகிறது. ஒரு நாட்டின் வீழ்ச்சி இது. கூட்டம் ஒரு முழக்கத்தைப் பிடித்துக்கொண்டு தன் அரசியையே தள்ளிவிடுவதைப் பார்க்கத் தமிழ்நாட்டு, கர்நாடக அரசியல் பார்த்து வளர்ந்த நமக்குப் பெரிய ஆர்வம் இருக்கும். ஆனால் ஆளுக்கு இரண்டு காட்சி என்று பிய்த்துப் போட்டுவிட்டார்கள். கண் பார்வையற்ற மிரியல் கடல் அரக்கனின் முன் தானாக இறங்கிப் போகும் காட்சிக்காக மட்டும் நன்றி சொல்லலாம்.

புத்தகத்திலிருந்து எவ்வளவு மாற்றியிருக்கிறார்கள்?

நிறைய. முக்கியமானது காலம். டோல்கீனின் காலவரிசையில் மோதிர வேலை இரண்டாம் யுகத்தின் 1500 வாக்கில் தொடங்குகிறது. எரிஜியன் 1697-இல் அழிகிறது. சீரிஸில் நூமெனோர் இளைஞனாக வரும் ஐசில்டுர் பிறப்பதே 3209-இல். ஆயிரத்தைந்நூறு ஆண்டு இடைவெளியில் வாழ்ந்தவர்களை சீரிஸ் ஒரே காலத்தில் நிறுத்துகிறது. காண்டால்ஃப் வருவதும் பால்ராக் விழிப்பதும் அடுத்த யுகத்தில். மோதிர வரிசையும் தலைகீழ்: மூலத்தில் எல்ஃப்களின் மூன்றும் மற்றவற்றுக்குப் பிறகு, சவுரான் கை படாமல் செய்யப்பட்டவை. இங்கே அவைதான் முதலில்.

இதற்கு ஒரு காரணம், 2017-இல் உரிமை வாங்கிய அமேசானிடம் இருப்பது முக்கியமாக மோதிர நாவலும் அதன் பின்னிணைப்புகளும். அந்தப் பின்னிணைப்புகளில் இந்தக் காலம் பற்றி இருப்பது சில பக்கக் குறிப்புகள். மீதியைக் கற்பனைதான் நிரப்ப வேண்டும். காலத்தைச் சுருக்கியது எனக்கு உறுத்தவில்லை, மனிதப் பாத்திரங்கள் எபிசோடுக்கு எபிசோடு செத்துக்கொண்டிருந்தால் யாரோடு நாம் ஒட்டுவது? மோதிர வரிசையை மாற்றியதுதான் உண்மையான இழப்பு. மூன்று மோதிரங்களைக் கடைசியில், ஏமாந்தவன் தெளிந்த பிறகு, தன்னந்தனியாகச் செய்வதாக வைத்திருந்தால் செலிப்ரிம்போரின் மீட்சி எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்!

டிராகன் சீரிஸோடு ஒப்பிட்டால்?

‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ சீசன் 2-உம் அதே 2024 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வந்ததால் எல்லோரும் ஒப்பிட்டார்கள். அது அரண்மனைக்குள் அதிகார வெறியைப் பேசுகிறது, வசனம் கூர்மை. ஆனால் போர் வெடிக்கும் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு முடிந்துவிட்டது. இது சொல்ல வந்த கதையை அந்த சீசனுக்குள்ளேயே முடித்தது. பட்டறையில் ஆரம்பித்த துரோகம் பட்டறைக்காரனின் மரணத்தில் முடிகிறது. அந்த நிறைவுக்காக நான் இதைத்தான் மேலே வைப்பேன்.

சீசன் 1-ஐவிட ஊர்கள் ஏன் வேறு மாதிரித் தெரிகின்றன?

முதல் சீசன் நியூசிலாந்தில் எடுத்தது. இரண்டாவதற்குப் படப்பிடிப்பு பிரிட்டனுக்கு மாறிவிட்டது. பரந்த மலைக்காட்சிகள் குறைந்தன, உள்ளரங்கக் காட்சிகள் கூடின. எரிஜியன் கதைக்கு அது நன்மையாகவே அமைந்தது. பேர் மெக்ரியரியின் இசை இரண்டிலும் தொடர்கிறது. நல்ல ஹெட்போனில் ஒரு தடவை கேளுங்கள்.

சீசன் 3 வருமா? அதில் என்ன எதிர்பார்க்கலாம்?

2025 பிப்ரவரியில் உறுதி செய்துவிட்டார்கள். கதை சில ஆண்டுகள் தாண்டிக் குதிக்கும் என்றும், எல்ஃப்களுக்கும் சவுரானுக்குமான போர் உச்சத்தில் இருக்கும்போது அவன் அந்த ஒற்றை மோதிரத்தைச் செய்ய முனைவான் என்றும் அறிவித்திருக்கிறார்கள்.

எனக்கு வேண்டியது மூன்று. நூமெனோருக்கு முழு எபிசோடுகளாக இடம் கொடுக்க வேண்டும், துண்டுகள் போதாது. புது மன்னராகப்போகும் டூரினைச் சுரங்கத்தை விட்டு வெளியே கொண்டுவந்து எல்ரோண்டோடு மறுபடி பேச விட வேண்டும், அவர்கள் நட்பு இந்த சீசனில் பசித்தே கிடந்தது. அப்புறம், சவுரான் தன் மோதிரத்தைத் தனியாக உலையில் வார்க்கும்போது, அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த செலிப்ரிம்போரின் கை அசைவு அவன் கையில் தெரிய வேண்டும். சுத்தியலைப் பிடிக்கிற விதம், மூசையைச் சாய்க்கிற விதம், எதுவாக இருந்தாலும் சரி. விக்கர்ஸால் அதைச் செய்ய முடியும்.